தொகுதி வரையறையும் நம் கரையும்

(நம் சங்கத்தின் ஆலந்தலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

நெய்தற்றிணையைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தனர். யாமும் அதற்கென ஏடுகளைப் புரட்டிக் குறிப்பெடுத்து வைத்திருந்தேம். ஆயின் சில நாட்களாக எம் உள்ளத்தை உறுத்திக்கொண்டிருக்கும் பொருள் வேறொன்றாதலின், செயலாளரிடம் இசைவு பெற்று அதனையே ஈண்டு எடுத்துக்கொள்கின்றேம். அஃது யாதெனின், குடிமதிப்பு என்னும் ஜனத்தொகைக் கணக்கு எடுக்கப்பட்டபின் தேர்தற் றொகுதிகளின் எல்லைகள் எவ்வாறு வரையப்படுகின்றன என்பதும், அதனால் நம் கரைக்கு விளைந்ததும் விளையக்கூடுவதும் எவை என்பதுமாம். தமிழாசிரியனுக்கு இக்கணக்கு எதற்கு என்று சிலர் நகைத்தல் கூடும். நகைப்பவர்கள் ஒன்று நினைவுகூர்க: வீடுவீடாகச் சென்று அத் தலைக்கணக்கை எழுதுமாறு சர்க்கார் பெரும்பாலும் ஏவுவது எம்போன்ற பள்ளியாசிரியரையே.

வலை கரைசேர்ந்தவுடன் மீனைக் குவித்துப் பங்கு பிரிக்கும் முறையை நம் சிறுவரும் அறிவர். வள்ளத்துக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று வகுப்பதன் முன், எத்தனை பேர் கடலுக்குப் போயினர் என்பது தெரிதல் வேண்டும். போனவன் ஒருவன் பெயர் விடுபட்டால் அவன் பங்கு மற்றவர் கைக்குப் போய்விடும்; பின்னர்க் கரையில் நின்று கூவிப் பயனில்லை. அரசியற் பங்கும் அத்தகையதே. அதில் இரண்டு பிரிவினைகள் உள. இராச்சியம் ஒவ்வொன்றுக்கும் பார்லிமெண்டு மக்களவையில் எத்தனை இடம் என்பது முதற் பிரிவினை. கிடைத்த இடங்களை இராச்சியத்துக்குள் எந்தக் கோட்டால் எப்படி வகுப்பது என்பது இரண்டாவது. பத்திரிகைகளிற் பெரிதும் பேசப்படுவது முதலாவது. நம் கரையை நேரே தொட்டது இரண்டாவது.

முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லி அப்பாற் செல்வேம். ஒவ்வொரு குடிமதிப்பின் பின்னும் இடங்களைப் புதிதாகப் பங்கிடவேண்டும் என்பது அரசியற் சட்டத்தின் 82-ஆம் விதி. 1957-ஆம் ஆண்டுத் தேர்தலில் அன்றைச் சென்னை இராச்சியத்துக்கு 41 மக்களவை இடங்கள் இருந்தன. 1961-ஆம் ஆண்டுக் கணக்கின்பின் அவை 39 ஆகக் குறைந்து, 1967-ஆம் ஆண்டுத் தேர்தல் 39-க்கே நடந்தது. மக்கட்பெருக்கத்தைக் கட்டுப்படுத்திய நாடுகள் தாம் செய்த நற்செயலாலேயே இடமிழக்கும் நிலை வரலாகாதென்று, 1976-ஆம் ஆண்டு 42-ஆம் திருத்தம் அப்பங்கீட்டை 1971-ஆம் ஆண்டுக் கணக்கின்மேல் நிறுத்தி வைத்தது. 2001-இல் இயற்றப்பட்டு மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த 84-ஆம் திருத்தம், 2026-ஆம் ஆண்டுக்குப் பின்னர் எடுக்கப்படும் முதற் குடிமதிப்பு வெளியாகும் வரை அந்நிறுத்தத்தை நீட்டித்தது. 2025 மார்ச்சு 22-இல் பல இராச்சியத் தலைவர்கள் சென்னையிற் கூடி, இன்னும் 25 ஆண்டு அதனை நீட்டிக்கவேண்டுமெனத் தீர்மானித்தனர். இவ்வழக்கு டில்லியிலும் சென்னையிலும் தீரவேண்டியது. ஆலந்தலையில் யாம் பேசித் தீர்வதன்று.

இரண்டாம் பிரிவினைக்கு வருவோம். இதற்கெனச் சட்டமியற்றி ஒரு கமிஷனை நியமிப்பது நம் நாட்டு வழக்கம். 1952, 1962, 1972, 2002 ஆகிய ஆண்டுகளில் அத்தகைய சட்டங்கள் தோன்றின. கடைசிக் கமிஷனுக்கு, உச்ச நீதிமன்ற நீதிபதியாயிருந்து ஓய்வுற்ற குல்தீப் சிங் தலைவர். தேர்தல் கமிஷனர் ஒருவரும் அவ்வவ் இராச்சியத் தேர்தல் கமிஷனரும் அவருடன் அமர்வர். இராச்சியத்துக்கு மக்களவை அங்கத்தினர் ஐவரும் சட்டசபை அங்கத்தினர் ஐவரும் துணையாக இருப்பர். ஆயினும் அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. இவ்வொரு விதியின் அருமையை அறியவேண்டுமாயின் அமெரிக்க ஐக்கிய நாட்டை நோக்குக. ஆங்குப் பெரும்பாலான இராச்சியங்களில் எல்லைக்கோட்டை வரைபவர் அச்சட்டசபையினரே. 1812-ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் இராச்சியத்து ஆளுநர் எல்பிரிட்ஜ் கெரி என்பார் கையெழுத்திட்ட எல்லைச் சட்டத்தில் ஒரு தொகுதி, தன் கட்சிக்கு ஆதாயமாகும்படி, வாலும் நகமும் கொண்ட பல்லி போல நெளிந்து கிடந்தது. பத்திரிகையொன்று அதனைப் படமாக வரைந்து, ஆளுநர் பெயரையும் பல்லியை ஒத்த ‘சாலமாண்டர்’ என்னும் பிராணியின் பெயரையும் ஒட்டிக் ‘கெரிமாண்டர்’ எனப் பெயரிட்டது. இருநூறு ஆண்டு கடந்தும் அப்பெயரும் மறையவில்லை, அவ்வித்தையும் மறையவில்லை. நம் நாட்டில் அவ்வித்தைக்கு இடம் குறைவு. குறைவென்றேமேயன்றி இல்லையென்றிலேம்.

கமிஷன் செய்யும் கணக்கு மறைபொருள் அன்று. 2001-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் தமிழ்நாட்டு மக்கள் 6,24,05,679 பேர். அதனை 234 சட்டசபை இடங்களால் வகுத்தால் ஓரிடத்துக்கு ஏறக்குறைய 2,66,700 பேர். 39 மக்களவை இடங்களால் வகுத்தால் ஓரிடத்துக்கு ஏறக்குறைய 16 லட்சம் பேர். நம் தூத்துக்குடி மாவட்டத்தின் மக்கட்டொகையோ அப்போது 16 லட்சத்தை ஒட்டியிருந்தது. ஆகவே நம் மாவட்டத்துக்குக் கணக்குப்படி ஆறு சட்டசபை இடங்களே வரும். முன்னர் ஏழு இருந்தன. ஒன்று போகவேண்டும், சாத்தான்குளம் போயிற்று. அயலே கன்னியாகுமரி மாவட்டத்திலும் ஏழு ஆறாகித் திருவட்டாறு மறைந்தது. சென்னையிலோ 14 இடங்கள் 16 ஆயின. பிழைப்புத் தேடி நம் இளைஞர் எந்தத் திசைக்குப் பெயர்ந்தனரோ அந்தத் திசைக்கே இடங்களும் பெயர்ந்தன என்க.

இனி, பார்லிமெண்டுத் தொகுதியின் கதை. நம்மில் முதியோர் பலருக்குத் திருச்செந்தூர்த் தொகுதி என்னும் பெயர் இன்னும் நாவில் நிற்கும். 1962-ஆம் ஆண்டு டி. டி. கிருஷ்ணமாச்சாரியைப் போட்டியின்றிப் பார்லிமெண்டுக்கு அனுப்பிய தொகுதி அது. 2008-க்கு முன் அதில் அடங்கியிருந்த சட்டசபைத் தொகுதிகள் தூத்துக்குடி, ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர், சாத்தான்குளம், நாங்குநேரி, இராதாபுரம் என்பன. அவற்றின் கடலோரத்தை மனத்தால் நடந்து பாருங்கள். தூத்துக்குடியிற் புறப்பட்டுப் பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், நம் ஆலந்தலை, குலசேகரன்பட்டினம், மணப்பாடு, பெரியதாழை. அதனைத் தாண்டி உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, பெருமணல், கூட்டப்புளி வரை, கால் மணலினின்று விலகாமல் ஒரே தொகுதிக்குள் நடந்து முடிக்கலாம். அது யாரோ நம்மீது அன்புகூர்ந்து வரைந்த கோடன்று. மக்கட்டொகைக் கணக்கில் தற்செயலாக அமைந்தது. தற்செயலாக அமைந்ததை நாம் நமக்குரியதென்றே எண்ணியிருந்தோம்.

2008 பிப்ரவரி 19-ஆம் நாள் புதிய வரையறை நடைமுறைக்கு வந்தது. 2009-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் அதன்படி நடந்தது. திருச்செந்தூர்ப் பார்லிமெண்டுத் தொகுதி என்னும் பெயர் மறைந்து, விளாத்திகுளம், தூத்துக்குடி, திருச்செந்தூர், ஸ்ரீவைகுண்டம், ஒட்டப்பிடாரம், கோவிற்பட்டி என்னும் ஆறும் சேர்ந்து தூத்துக்குடித் தொகுதியாயின. மாவட்டத்தின் எல்லையும் தொகுதியின் எல்லையும் ஒன்றாயின. நாங்குநேரியும் இராதாபுரமும் திருநெல்வேலித் தொகுதிக்குப் போயின. அவற்றோடு உவரி முதற் கூட்டப்புளி வரையுள்ள கடற்கரையும் போயிற்று. பெரியதாழைக்கும் உவரிக்கும் இடையே மணலில் ஒரு கோடு விழுந்தது. அக்கோட்டை மீனும் அறியாது, வலையும் அறியாது.

இதனை முழு இழப்பென்று யாம் கூறமாட்டேம். நம் முன்னோர் ஏழு துறை எனப் போற்றியவை இப்புதிய தொகுதிக்குள்ளே அடங்கிவிட்டன. விளாத்திகுளம் முன்னர் நம் தொகுதியில் இல்லாமையால் வடக்கே வேம்பாற்றாரும் வைப்பாற்றாரும் நம்மோடு வாக்களித்ததில்லை. சாதித்தலைவன் ஆட்சியில் ஒன்றாயிருந்த துறைகளை, அவ்வரலாறு எதனையும் அறியாத ஒரு கணக்கு மீண்டும் ஒன்றாக்கிவிட்டது வியப்பன்றோ! வடக்கே பெற்றோம், தெற்கே இழந்தோம். பெற்றதை எண்ணி மகிழ்ந்தவரையும் காணேம், இழந்ததை எண்ணி வருந்தியவரையும் அக்காலத்திற் கண்டிலேம். வரைவு வெளியாயிற்று, ஆட்சேபனைக்கு நாள் குறிக்கப்பட்டது, கமிஷன் பொதுவிற் கூடி மனுக்களைக் கேட்டது. அப்போது யாம் கற்றுத் தேறிய இளைஞராயிருந்தேம். வரைவு அச்சான பத்திரிகை எம் வீட்டுத் திண்ணையிற் கிடந்தது. யாம் அதனைப் படித்திலேம். பின்னொரு நாள் உவரியில் உள்ள எம் அத்தை மகனோடு தேர்தலைப் பற்றிப் பேசுங்கால், அவர் கூறிய வேட்பாளர் பெயரும் யாம் கூறிய பெயரும் வேறாயிருக்கக் கண்டு, அதன் பின்னரே செய்தியை அறிந்தேம்.

தொகுதி பிரிந்தால் நமக்கென்ன என்று கேட்பார் உளர். கரையோர மீன்பிடிப்பு இராச்சிய சர்க்காரின் கையில் உள்ளது. ஆயின் இராச்சியத்தின் கடலெல்லைக்கு அப்பாற்பட்ட மீன்பிடிப்பு ஒன்றியப் பட்டியலின் 57-ஆம் இனம். அதனைப் பேசுமிடம் பார்லிமெண்டு. துறைமுகமும், கூடங்குளத்து அணு உலையும், 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட குலசேகரன்பட்டினத்து ஏவுதளமும் டில்லியின் பாற்பட்டவை. கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரையாரும் குலசேகரன்பட்டினத்தை அடுத்த ஆலந்தலையாரும் ஒரே வகைக் கேள்வியைக் கேட்கின்றனர். ஆனால் இருவேறு அங்கத்தினரிடம் கேட்கின்றனர். ஒவ்வோர் அங்கத்தினருக்கும் பின்னே 16 லட்சம் மக்கள். அவருட் கடற்கரையார் ஒரு மெல்லிய விளிம்பு. விளிம்பு நீண்டதாயின் அதன் குரல் கேட்கும். அறுத்துத் துண்டாக்கினால் துண்டுக்கு ஏற்ற குரலே எழும்.

ஆகவே அடுத்த வரையறை வருங்கால் நாம் செய்யத்தக்கவை பற்றி எம் கருத்தைக் கூறுகின்றேம். முதலாவது, எண்ணப்படுதல். இதற்கு அமெரிக்க நாட்டிலிருந்தே மற்றொரு செய்தி சொல்வேம். ஆங்கு மக்களவை இடங்கள் 435. பத்தாண்டுக்கொருமுறை கணக்கின்படி மீண்டும் பங்கிடப்படுகின்றன. 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்பின் நியூயார்க் இராச்சியத்தின் இடங்கள் 27-இலிருந்து 26 ஆயின. இன்னும் 89 பேர் கணக்கில் எழுதப்பட்டிருந்தால் அவ்விடம் போயிராது என்று அந்நாட்டுக் கணக்கு அலுவலகமே வெளியிட்டது. இரண்டு கோடி மக்களுக்குள் 89 பேர்! நம் ஊரில் ஒரு தெருவின் ஒரு சிறகில் அத்தனை பேர் இருப்பர்.

2011-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் யாம் கணக்கெடுப்பாளராக நம் கரையின் தெருக்களில் நடந்தேம். பிப்ரவரி 9 முதல் 28 வரை எண்ணும் நாட்கள். மார்ச்சு முதல் நாள் நள்ளிரவு கணக்கின் நேரம். ஒரு வீட்டில் ஒரு பெண்மணி அடுப்படியினின்று வெளிவந்து, “வீட்டுக்காரர் ஊர்ல இல்லை சார்” என்றார். யாம் அவர் கணவர் பெயரை எழுதாது அடுத்தவர் பெயருக்குச் சென்றேம். கோலைத் தாளின்மேல் வைத்துவிட்டு, ஏதோ தோன்ற, “எங்கே போயிருக்கிறார்?” என்றேம். “தொழிலுக்குத்தான், விடியுமுன்னே வந்துருவாரு” என்றார். கடலுக்குப் போனவனை ஊரில் இல்லை என்பது நம் பேச்சு வழக்கு. அவ்வழக்கை நன்கறிந்த யாமே தவறினேம் எனில், உள்நாட்டிலிருந்து வந்த ஓர் ஆசிரியர் என் செய்வார்? அன்றிருந்த விதி இது: எண்ணும் நாட்களில் எப்போதேனும் வீட்டில் இருந்தவரையும், அந்நாட்களுக்குள் திரும்புவாரென எதிர்பார்க்கப்படுபவரையும் அவ்வீட்டிலேயே எழுதவேண்டும். அந்நாட்கள் முழுதும் வெளியூரில் தங்கியவர் தங்கிய இடத்தில் எழுதப்படுவார். வெளிநாட்டில் இருப்பவர் எங்கும் எழுதப்படார். இரவுக்கடல் போனவரும், தங்குகடல் போய் ஒரு வாரத்தில் மீள்பவரும் நம் ஊர்க் கணக்கினரே. கேரளக் கரையில் மாதக்கணக்காக விசைப்படகில் இருப்பவர் ஆங்கே எண்ணப்படுவர். அதற்கு நாம் செய்வதொன்றுமில்லை. ஆயின் முன்னவரை இழப்பதற்கு யாதொரு காரணமும் இல்லை. அத்தெருவில் அன்று மீண்டும் தொடக்கத்திலிருந்து வீடுவீடாகச் சென்று கேட்டேம். விடுபட்டிருந்த பெயர்கள் ஐந்து.

2021-இல் எடுக்கவேண்டிய குடிமதிப்பு தவறிப்போயிற்று. 2025 ஜூன் 16-இல் வெளியான அறிவிப்பு, தமிழ்நாட்டுக்கு 2027 மார்ச்சு 1-ஐக் கணக்கின் நாளாகக் குறித்தது. அக்கணக்கில் எல்லோருடைய சாதியும் கேட்கப்படும் என்பதும் அதே ஆண்டில் முடிவாயிற்று. இது கேட்டவுடன் நம் சங்கத்தார் பலருக்கும் சாதிப் பத்தியின்மேலேயே கண் சென்றுவிட்டது. அதனையும் எழுதுவோம், நன்றாக எழுதுவோம். (சாதி யாது என்று கேட்டால் ‘பர்னாந்து’ என்று விடையிறுக்கும் நம் பிள்ளைகளுக்கு, அது குடும்பப் பெயர் என்பதை வீட்டிலேயே சொல்லிவைத்தல் நலம்.) ஆயின் தொகுதி வரைவோர் அப்பத்தியை நோக்கார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோரின் தனித்தொகுதிகளைக் குறித்தற்கு மட்டுமே அவ்விரு வகுப்பாரின் தொகை நோக்கப்படும். மற்றையோருக்கு மொத்தத் தலைக்கணக்கே கணக்கு.

இரண்டாவது, மகஜர் எழுதும் முறை. இதனைச் சொல்லும்போது உங்களுட் சிலர் முகம் சுளிப்பர் என்பதை அறிவேம், எனினும் சொல்கின்றேம். நம் வகுப்பாருக்கு ஒரு தொகுதி வேண்டும் என்று எழுதுவோமாயின் அது குப்பைக் கூடைக்குப் போகும், போவதே முறை. 1935-ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின்படி சென்னைச் சட்டசபையின் 215 இடங்களுள் 8 இந்தியக் கிறிஸ்தவர்க்கென்று தனியே ஒதுக்கப்பட்டிருந்தன. அவர்களுக்கு வாக்காளர் பட்டியலும் தனி. 1950-ஆம் ஆண்டு அரசியற் சட்டம் மதத்தாலும் சாதியாலும் பட்டியல் பிரிப்பதை ஒழித்தது. அவ்வாயில் அடைபட்டுவிட்டது. திறந்திருக்கும் வாயில் வேறு. 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, தொகுதிகள் இயன்றவரை நிலத்தால் ஒன்றுபட்டிருத்தல் வேண்டும் என்றும், இயற்கை அமைப்பு, ஆட்சி எல்லைகள், போக்குவரத்து வசதி, பொதுமக்கள் வசதி ஆகியவற்றை நோக்கவேண்டும் என்றும் கூறியது. புதிய கமிஷனுக்குப் புதிய சட்டம் வரும். எனினும் முற்சட்டங்களின் போக்கும் இதுவே. ஆதலின் பரதவர் என்று எழுதற்க. கரை என்று எழுதுக. எந்த ஊரார் எந்தத் துறையில் இறங்குகின்றனர், மீன் எந்தச் சந்தைக்குப் போகிறது, பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போகின்றனர், கடற்கரைச் சாலை எவ்வூர்களைக் கோக்கிறது, கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு வேண்டுமென எவ்வெவ்வூரார் ஒன்றுசேர்ந்து நிற்கின்றனர் என்று எழுதுக. அவ்வாறு எழுதுமிடத்துக் காயல்பட்டினத்து முஸ்லிம் வணிகரும், குலசேகரன்பட்டினத்து நாடார் கடைக்காரரும், உப்பளத்துக் கூலியாட்களும் நம்மோடு கையெழுத்திடுவர். நம் சங்கத்தின் முத்திரை அம்மகஜரில் இருத்தல் வேண்டும் என்பதில்லை. இல்லாதிருந்தால் அது வலிமை பெறும் என்பது எம் துணிபு.

மூன்றாவது, காலம். வரைவு கெஜட்டிலும் தமிழ்ப் பத்திரிகைகளிலும் வரும். ஆட்சேபனைக்குச் சில வாரங்களே இருக்கும். கமிஷனின் முடிவு கெஜட்டில் ஏறிய பின் பார்லிமெண்டும் சட்டசபையும் அதிற் கைவைக்க இயலாது. 329-ஆம் விதி நீதிமன்றத்தையும் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 1966-இலேயே அதனை உறுதிசெய்தது. அப்பட்டமான அநீதி காணப்படின் நீதிமன்றம் நோக்கலாம் என 2024-இல் ஒரு தீர்ப்பு வந்துள்ளது. எனினும் அதனை நம்பிக் கரையில் உட்கார்ந்திருப்பது, அலை கொண்டுபோன வலை அலையோடு திரும்பும் என்று காத்திருப்பதை ஒக்கும்.

இப்போதைக்கு ஒரு வேலை உளது. நம் ஊரின் தெருவாரிப் படம் ஒன்றை எம் மாணவர்கள் வரைந்திருக்கின்றனர். வீடுகள் குறிக்கப்பட்டுள்ளன, ஆட்கள் குறிக்கப்படவில்லை. வருகிற ஞாயிறு காலைப் பூசைக்குப் பின் அதனைக் கோயில் முற்றத்தில் விரித்து வைப்போம். வீட்டுக்கொருவர் வந்து, தத்தம் வீட்டில் உறங்குவோர் எத்தனை பேர், கடலுக்குப் போவோர் எத்தனை பேர், வெளிக்கரையில் இருப்போர் எத்தனை பேர் என்று சொல்லக் கோருகின்றேம். பெண்மக்கள் வருதல் சிறப்பு. கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டுங்கால் வீட்டில் இருந்து விடை சொல்பவர் அவர்களே. மணப்பாட்டிலும் பெரியதாழையிலும் உள்ள ஆசிரிய நண்பர்களுக்கு இதனைக் குறித்து எழுதியுள்ளேம். உவரிக்கும் எழுதியிருக்கின்றேம்.